அம்மா நடத்திய வைக்கோல் பாடம்



எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அந்த அம்மாவிடம் நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த கதை இது.

எங்கள் குழுவின் புராஜெக்ட், வைக்கோலிலிருந்து சர்க்கரை எடுப்பது. வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். அது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. செல்லுலேஸ் என்சைம் அதை வெட்டினால் சர்க்கரை. ஏட்டில் எல்லாம் சுலபம்! வைக்கோலை அரைத்து, என்சைம் ஊற்றி, 50 டிகிரியில் இரண்டு நாள் வைத்தோம். பெனடிக்ட் கரைசல் லேசாகப் பச்சை தட்டியதோடு சரி. வாங்கிய என்சைமில் பாதி காலி. என் பங்குப் பணம், அம்மா பால் விற்றுக் கொடுத்த காசு.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா தார்ப்பாயை விலக்கி மாட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டிருந்தாள். குப்பென்று அம்மோனியா நெடி.

"என்னம்மா இது?"

"யூரியா வைக்கோல்டா. நூறு கிலோவுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, காத்துப் புகாம மூணு வாரம் மூடி வைக்கணும். மாட்டு டாக்டர் சொன்னாரு. சும்மா வைக்கோல் சரியா செரிக்காது. இது இளகிப் போவுது."

அடடா! யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா ஒரு காரம். செல்லுலோஸைப் பூட்டி வைத்திருக்கும் லிக்னின் கட்டை அது தளர்த்துகிறது. மாட்டு வயிற்று நுண்ணுயிருக்கும் எங்கள் என்சைமுக்கும் தடை ஒன்றேதான். 'பிரீட்ரீட்மென்ட்' என்ற அத்தியாயத்தை, ஆங்கிலம் புரியாமல் நான் தாண்டிப் போயிருந்தேன். அம்மா தாண்டவில்லை.

லேபில் வைக்கோலை 2 சதவீத காஸ்டிக் சோடாவில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தோம். டிகாக்‌ஷன் மாதிரி சாறு இறங்கியது. காரம் போகும்வரை கழுவி, மீதி என்சைமை ஊற்றினோம். இம்முறை பெனடிக்ட் செங்கல் சிவப்பு!

ஆனால் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கழுவ வாளி வாளியாய்த் தண்ணீர். அந்தக் கறுப்புச் சாற்றை எங்கே ஊற்றுவது? ஹரியானாவின் பானிப்பட்டில், வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையை 2022-லேயே திறந்துவிட்டார்கள். இருந்தாலும் தண்ணீரும் செலவும் குறைந்த வழி தேடுவது நமக்கு மிச்சமிருக்கும் வேலை.

தோழர்களே, புரியாமல் தாண்டிய பக்கம் உங்களுக்கும் இருக்கும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

புராஜெக்ட் அறிக்கையின் நன்றியுரையில் முதல் பெயர் அம்மாவுடையது. படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தவள், "சரி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா" என்றாள்.