தீவில் ஏழு நாள்

சங்கராபுரத்தார்க்கு மலை அண்டை வீடு, கடல் அயலூர். மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்தே முப்பத்திரண்டு ஆண்டு இல்லறம் நடத்திய எங்களுக்கு, இலட்சத்தீவில் ஒரு வாரம் தங்கிவரும் ஆவல் பிறந்தது. என் துணைவியாரின் முழங்கால் இனியும் தாமதிக்க இடந்தராது.

சேலம்வரை பேருந்து, எர்ணாகுளத்துக்கு ரயில், கொச்சியில் கப்பல். தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் கடலிலேயே கழியும். போக, வர நான்கு நாள் போனால் தங்குவதற்கு எஞ்சுவன மூன்றே. மக்கள் வாழும் பத்துத் தீவுகளில் நான்கையேனும் காண எனக்கு ஆசை. ஆனால் கப்பல் கரையணையாதபோது, ஆடும் படகுக்கு மாறித்தான் இறங்க வேண்டும்.

"எனக்கு ஒரு தீவு போதும்; ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறிவிடுகிறேன்" என்றார் அவர். கவரத்தி என்று முடிவாயிற்று.

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அஞ்சி ஜனவரியைத் தேர்ந்தோம். வெளியார்க்கு அனுமதிச்சீட்டு வேண்டும். சிலர் இதனைத் தொல்லை என்பர். எனக்கு நியாயமாகவே படுகிறது. தீவுகளனைத்தும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான். உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கும் மழைநீரே அங்குள்ள கிணற்று நீர்; மிகுதியாக இறைத்தால் உவர்த்துவிடும்.

கப்பல் தாமதிக்கக்கூடுமென்று, கொச்சியிலிருந்து திரும்பும் ரயிலுக்கு மறுநாளே பதிவு செய்துள்ளோம். உஜ்ரா பள்ளிவாசலின் மரச்செதுக்கு வேலைப்பாட்டை முதல் நாளே காண்பதென்று எழுதிக்கொண்டேன். அவர்க்கோ, பவளத்திட்டுக்குள் அடங்கிய அலையற்ற நீரில் காலை நனைத்து அமர்ந்தால் போதுமாம். மூன்றாம் நாளுக்கு நேரே எதுவும் எழுதக்கூடாதென்பது அவரது கட்டளை.