கிலோவுக்குள் அடங்காத கேக்

யாழ்ப்பாணத்தில் கேக் நிறுத்து விற்கிற பண்டம். பிறந்தநாளுக்குச் சொல்லிவைக்க வருபவர் முதலில் விசாரிப்பது கிலோ என்ன விலை என்பதைத்தான். பட்டர் கேக்குக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். கோதுமை மா, சீனி, பட்டர், முட்டை நான்கும் ஏறத்தாழ நிறைக்கு நிறை, பாரம் கூடச் செலவும் கூடும். சொக்லேட்டும் வனிலாவும் பளிங்குக் கோடுகளாக ஓடும் மூஸ் கேக்கையும் அதே தராசில் ஏற்றுவது, செய்தவரின் கூலியைக் குறைத்துக் கொடுப்பதுதான். திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்து வெதுப்பகங்களின் பின்கட்டையும், வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் பெண்களின் குசினியையும் பார்த்தபின் நான் வந்த முடிவு இது. மூஸில் பாதி காற்று. நன்கு குளிர்ந்த கிறீமை அடித்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பொங்கும். அந்தப் பொங்கல் அமுங்காமல் உருக்கிய சொக்லேட்டோடு சேர்ப்பதே வேலை. கை தேறத் தேற அதே அளவுக் கேக்கின் பாரம் குறையும். அப்படியானால் பொருட்செலவும் குறைகிறதே என்பார்கள். மாவுக்குக் கொடுக்கிற காசில் கிறீமோ சொக்லேட்டோ வராது. ஒரு கிலோவுக்குள் போகிற கைவேலையும் பல மடங்கு.

அதுவும் எந்த வெக்கையில்? சித்திரை, வைகாசியில் இங்கே நிழலிலேயே 30 பாகையைத் தாண்டும். கொக்கோ வெண்ணெய் 34 பாகையளவில் உருகிவிடும், மூஸை உறையவைக்கும் ஜெலற்றின் 30ஐ ஒட்டியே இளகத் தொடங்கும், கிறீமோ 10 பாகைக்கு மேலே போனால் ஒழுங்காகப் பொங்காது. பக்கத்தில் போறணை எரிகிற இடத்தில் இந்த மூன்றையும் இணக்க வேண்டும். சொக்லேட், வனிலா இரண்டு கலவையும் ஒரே குளிரில், ஒரே தடிப்பில் இருக்கையில் மாறிமாறி ஊற்றி, கத்தி நுனியால் ஓரிரு இழுப்போடு நிறுத்திவிட வேண்டும். கை நீண்டால் எல்லாம் ஒரே மண்ணிறம். மச்சம் தொடாத வீடுகளுக்கு, அதிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் ஆகாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் வெக்கையைத் தாங்கும், 85 பாகை வரை இளகாது. ஆனால் 35, 40 பாகையிலேயே உறைவதால் கிறீமோடு கலக்கக் கிடைப்பது சொற்ப நேரம். அளவு மிஞ்சினால் வாயில் கரையாமல் ஜெலி மாதிரி உடையும்.

இதையெல்லாம் பிரிட்ஜ்தானே செய்கிறது, ஆளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த மார்ச் முடிவில் நாடெங்கும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்டில் இறக்குமதி நிறுத்திய சுமார் 300 பொருட்களில் சொக்லேட்டும் ஒன்று. இப்படி வரும் நட்டம் தொழில் செய்கிறவரின் தலையில்தான் விழும். பயத்தம் உருண்டையும் பனங்காய்ப் பணியாரமும் இருக்க இந்த அந்நியப் பண்டம் எதற்கு என்ற குறையையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பாணும் பட்டர் கேக்கும்கூடக் கடல் தாண்டி வந்தவைதான். இன்று கேக் இல்லாத நத்தார் இங்கே உண்டா? செய்து பிழைக்கிறவர் நம்மவர் என்பதே எனக்குப் போதும். ஆகவே மூஸ் கேக் சொல்லிவைக்கிறவர்கள் கிலோ விலை கேட்பதை விடுங்கள். எத்தனை அங்குலம், எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு எடுக்க வரலாம் என்று கேட்டு, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.