கவலை ஏற்றத்துக்கு வந்த தோல்… பாலாற்றங்கரையில் ஒரு நூற்றாண்டுக் கதை!

காலை ஏழு மணிக்கு ஆம்பூரைக் கடக்கும் யாருக்கும் அந்தக் காட்சி கண்ணில் படாமல் போகாது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் வரிசையாக ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, தலையில் அவசரமாகச் சொருகிய பூவோடு பெண்கள் இறங்குகிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருபவர்கள். இன்னும் சற்று நேரத்தில் இவர்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஐரோப்பாவில் யாரோ போடப்போகும் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

மதியம் ஆனால் ஊருக்கு வேறு முகம். சீரகச் சம்பா பிரியாணியின் வாசனை நெடுஞ்சாலைவரை வந்து காரை நிறுத்தச் சொல்லும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், கூடவே தயிர்ப் பச்சடி. ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

ஆனால், பிரியாணிக் கடையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால் இன்னொரு வாசனையும் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாசனை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதன் அக்கம்பக்கத்திலும் உள்ள ஊர்களுக்குச் சோறு போட்டதும், அதே ஊர்களின் தண்ணீரைக் கெடுத்ததும் அந்த வாசனைக்குப் பின்னால் இருக்கும் தொழில்தான். அந்தக் கதைக்குள் ஓர் ஆங்கிலேய இன்ஜினீயரும் இருக்கிறார்.

கப்பல் கட்டப் போனவர்கள்

ஒரு நாட்டின் கைத்தொழில் இன்னொரு நாட்டுக்குப் போவது பெரும்பாலும் மனிதர்களோடுதான். 1697-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர், தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஹாலந்து நாட்டின் சான்டாம் என்ற ஊருக்குப் போனார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையில் கோடரி பிடித்து வேலை கற்றுக்கொண்டார். திரும்பும்போது அவர் கொண்டுபோன பெரிய சொத்து, வேலைக்கு அமர்த்திய டச்சுக் கைவினைஞர்களும் மாலுமிகளும்தான். கடற்படையே இல்லாமலிருந்த ரஷ்யாவுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்து, அங்கேயே வாழ்ந்து முடித்தவர்களும் அவர்களில் உண்டு.

தமிழ்நாட்டுத் தோல் தொழிலிலும் இப்படி வந்து சேர்ந்த கைகள் உண்டு. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புதுச்சேரியோடு தொடர்புடைய டி சூசா என்ற யுரேஷியர் சென்னையில் தோல் பதனிடும் முறையைச் சீர்திருத்தினார் என்று பழைய தொழில் குறிப்புகள் சொல்கின்றன. அந்த முறைக்கு ஆதாரம் நம் ஊர் ஆவாரம்பட்டை. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். வெளிர் நிறத்தில், மென்மையாக வரும் அந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்குச் சென்னை மாகாணத்துத் தோலை அரசே மொத்தமாக வாங்கியது.

அந்த வியாபாரம் ஊர்களையும் வளர்த்தது. வாணியம்பாடியில் 1919-ல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரிக்குப் பின்னால் தோல் வணிகர்களின் கொடை இருக்கிறது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே பயணிகள் தங்குவதற்காக எழுந்த சித்திக் சராய், மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி.அப்துல் ஹக்கீம் கட்டியது. தோலை உரித்து, சுமந்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்த கைகளில் பெரும்பாலானவை தலித் மக்களுடையவை. அவர்கள் பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை.

சால் கேட்ட தோல்

ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1866-ல் பிறந்தவர். லண்டனில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, இருபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்குப் பேராசிரியராக வந்தார். பாடம் நடத்துவதோடு நின்றிருந்தால் அவரை இன்று யாரும் நினைக்கப்போவதில்லை. இந்த மாகாணத்தில் புதிதாக என்னென்ன தொழில் தொடங்கலாம் என்று தேடுவதுதான் அவருக்கு வேலையாகவும் பைத்தியமாகவும் இருந்தது. 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். அது வெற்றி பெற்று, தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. நம் வீடுகளுக்கு அலுமினியப் பாத்திரம் வந்து சேர்ந்த கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்து, 1903 வாக்கில் அவர் கையில் எடுத்தது குரோம் தோல்.

மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் உப்பில் தோலைப் பதனிடும் முறை அப்போது உலகுக்கே புதிது. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். தோல் நீல நிறத்தில் வெளியே வரும். நன்றாகப் பதப்பட்ட குரோம் தோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. பட்டைத் தோல் சுருண்டுவிடும்.

சாட்டர்டனுக்கு இந்தத் தோல் எதற்காகத் தேவைப்பட்டது என்பதுதான் சுவாரஸ்யம். செருப்பு, பூட்ஸ் எல்லாம் உண்டு. ஆனால், முக்கியமான தேவைகளில் ஒன்று நம் விவசாயியின் கவலை ஏற்றம்.

மோட்டார் வராத காலத்தில் கிணற்றுத் தண்ணீரை மாடுதான் இறைத்தது. தெற்கே கமலை என்பார்கள், வடக்கே கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால், கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே ஏறும். சாலின் அடியில் யானைத் துதிக்கைபோல ஒரு தோல் வால் தொங்கும். சால் மேலே வந்ததும் அந்த வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்க நனைவதும் காய்வதுமாக இருக்கும் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். மாற்றுவதற்குக் காசில்லாத விவசாயி, கிழிந்ததையே தைத்துத் தைத்து ஓட்டுவார். தண்ணீரைத் தாங்கும் குரோம் தோல் அந்த இடத்துக்குப் பொருந்தும் என்று சாட்டர்டன் கணக்குப் போட்டார்.

பாசனக் கிணற்றுக்கும் அவருக்கும் தொடர்பு இதோடு முடியவில்லை. மாட்டுக்குப் பதில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்று மாகாணம் முழுக்க விவசாயிகளிடம் பிரசாரம் செய்தார். நீர் இறைப்புப் பாசனம் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஆனால், அரசுப் பணத்தில் தொழிற்சாலை நடத்துவது சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு நேரடியாகத் தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் உத்தரவு அனுப்பினார். அரசின் குரோம் தோல் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போய் அங்கே தொழில் துறை இயக்குநரானார். மைசூரின் சந்தன எண்ணெய்த் தொழில் தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு. பின்னாளில் ‘சர்’ பட்டமும் கிடைத்தது.

அவர் போனாலும் குரோமியம் போகவில்லை. சென்னையில் ஜி.ஏ.சேம்பர்ஸ் என்பவர் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் பெயரால் ஒரு பேட்டையே உருவானது. தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் கடக்கும் குரோம்பேட்டைதான் அது!

நீலத் தோல் ஆம்பூருக்கு வந்தது

ஆம்பூர் வட்டாரம் அப்போதும் பட்டைத் தோலைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதை உலகம் அறியச் செய்த இயக்குநர் நாயுடம்மா, விஞ்ஞானிகளை டேனரிகளுக்குள் அனுப்பினார்.

பெரிய திருப்பம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. பாதி பதப்படுத்திய தோலை மலிவாக ஏற்றுமதி செய்துவிட்டு, அதிலிருந்து வெளிநாட்டுக்காரன் ஷூ செய்து லாபம் பார்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் ஷூவும் இங்கேயே தயாராக வேண்டும் என்பது கொள்கை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகியதும், டேனரிக்குள் காலெடுத்து வைக்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் அதன் பிறகுதான். முதல் முறையாகத் தன் பெயரில் சம்பளம் வாங்கிய பெண்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் உண்டு.

கூடவே குரோம் பதனிடலும் பெருகியது. மரத்தாலான ராட்சத டிரம்கள் சுற்றத் தொடங்கின. ஒரு கிலோ தோல் பதமாவதற்குள் முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் கழிவாகும். கெடாமலிருக்கத் தோலில் தடவிய உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் அதில் கரைந்திருக்கும். பல ஆண்டுகள் அது நேராக ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது.

பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாக மட்டுமே தெரியும் ஆறு. தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றுக்கண் அதுதான். மேலே வெள்ளம் ஓடி அடித்துச் செல்லாத ஆற்றில் கழிவைக் கொட்டினால், அது கீழே இறங்கிக் கிணற்றில்தான் நிற்கும். தென்னை காய்ப்பது குறைந்தது. நெல் வயலில் உப்புப் பூத்தது. குடிக்கும் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது.

நீதிமன்றம் சொன்னது

வேலூர் குடிமக்கள் நல மன்றம் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, இன்று இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடம். தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லா இடங்களிலும் இருக்கின்றன. தண்ணீரைச் சுத்தம் செய்து மீண்டும் டேனரிக்கே அனுப்புகிறார்கள். ஆனால், பிரித்தெடுத்த உப்பையும் கசடையும் எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை மூடியது. 10 பேர் இறந்தார்கள்.

அதே ராணிப்பேட்டையில் டேனரிகளுக்குக் குரோமியம் உப்பு தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். தோலில் சேரும் குரோமியம் அவ்வளவு ஆபத்தில்லாத வகை. இந்தக் குவியலில் இருப்பதோ ஆறிணைதிறன் குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். மழை பெய்தால் அங்கே மஞ்சளாகத் தண்ணீர் கசியும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இப்போது பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாலை பஸ்

வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்ப்பார்கள். மருத்துவத்துக்கு சி.எம்.சி. போவார்கள். திரும்பும் வழியில் ஆம்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிடுவார்கள். நேரமிருந்தால் பாலாற்றுப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். கரையோரத் தோப்புகளுக்கு நடுவே பழைய வட்டக் கிணறுகள் கண்ணில் படும். மாடு இறங்கிய சரிவின் தடம்கூடச் சிலவற்றில் மிச்சமிருக்கிறது.

அந்தச் சரிவில் இறங்கிய மாட்டுக்கும், அதை ஓட்டிய விவசாயிக்கும் வேலை சுலபமாகட்டும் என்றுதான் ஒரு மனிதர் குரோமியத்தைக் கையில் எடுத்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் கிழியாமல் மேலே வர வேண்டும் என்பது அவர் கவலை. தோல் கிழியாமல் நின்றது. கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்வியை அவருக்குப் பின் வந்தவர்கள் நெடுங்காலம் கேட்கவேயில்லை.

மாலை ஆறு மணி. கம்பெனி பஸ்கள் மறுபடியும் வரிசைகட்டி நிற்கின்றன. கூடை காலியாக, முகம் களைப்பாகப் பெண்கள் ஏறுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்களில் பலருக்குக் காத்திருக்கும் முதல் வேலை, குடிக்கிற தண்ணீர் கேனை எடுத்து வைப்பது.