நான் பார்த்துச் சொன்ன இடம்

கடற்புல் நடுவதற்கு இடம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு வருடம் நான் சொன்ன இடம் அடியோடு தப்பு. தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன், தெரிந்தேதான் நடந்தது.

மண்டபத்துக்காரர்களுக்குக் கடல் இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் காற்று வீசினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தூங்கும். வாடை வந்தால் தலைகீழ். நான் வடகடலில் இறங்கியது ஏப்ரலில். இடுப்பளவு தண்ணீர். தண்ணீரின் தெளிவைப் பார்க்கும் செக்கி வட்டை இறக்கினால் தரையில் கிடக்கும்போதும் அதன் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தன. மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்காவது தரைக்கு எட்டினால்தான் கடற்புல் பிழைக்கும். தாராளமாகவே எட்டியது. வாடையில் சேறு கலங்கும்போதும் எட்டுமா? அதைப் பார்க்க ஜனவரி வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கரையை ஒட்டியே தார்ச்சாலை. பார்வையிட வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கி, கால்சட்டையை மடித்துவிட்டு, தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். என் அட்டவணையில் ஆழம், உப்பு, மண் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன். சாலைக்குக் கட்டமே இல்லை. ஆனால் ஜெயித்தது அதுதான்.

கரையில் வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ரெண்டு பக்கமும் புல்லு கெடக்கு. இங்க மட்டும் ஏன் வெறும் மணலு? நிக்கிற எடமா இருந்தா கடலே மொளைக்க வச்சிருக்காதா?"

இடம் பார்ப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. படித்தும் இருந்தேன். சிரித்து மழுப்பினேன்.

ஆகஸ்டில் நட்டோம். நாற்பது மூங்கில் சட்டங்கள். நல்ல புல்வெளி ஒன்றிலிருந்து சைமோடோசியா என்ற கடற்புல்லை வேர்த்தண்டோடு பெயர்த்துச் சணல் கயிற்றில் கட்டினோம். நாடா போன்ற இலை. நுனியை விரலால் தடவினால் ரம்பம் போல் பொடிப்பற்கள் நெருடும். முப்பதாம் நாள் எண்ணினோம், பெரும்பாலானவை பச்சையாக நின்றன. அறிக்கையில் அதை எழுதினேன்.

வாடை அடித்து ஓய்ந்தபின் ஜனவரியில் போனேன். மூன்று சட்டங்கள்தான் இருந்தன, மணலில் பாதி புதைந்து. ஒன்றில் சணல் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. உள்ளே புல் இல்லை. அந்த எண்ணிக்கை என் குறிப்பேட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை.

உலகெங்கும் நடந்த 1,786 நடவு முயற்சிகளை அலசி 2016-இல் வந்த ஆய்வு, பிழைத்தவை சுமார் 37 சதவீதம் என்றது. பட்டுப்போனதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தவர்களால்தான் அந்தக் கணக்கு நமக்குக் கிடைத்தது. நான் எழுதாதவர்களின் கூட்டம்.

நட்டது போனதைவிட, நாற்று எடுத்த இடம்தான் உறுத்துகிறது. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரில் 2022-இல் காப்பகம் அறிவித்தார்களே, அதே பாக் விரிகுடாதான் இதுவும். ஆவுளியா மேயும் புல்லைத்தான் நாங்கள் பெயர்த்தோம். மறு ஏப்ரலில் மூழ்கிப் பார்த்தேன். நாங்கள் தோண்டிய குழிகளில் இரண்டு இன்னும் மூடவில்லை.