உக்கும் நார்

சாய்ந்தமருதுக் கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரைவலை பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். தோணி கடலுக்குள் வலையை வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதும் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஆட்கள் பிடித்துக்கொண்டு, முதுகுப்புறமாக அடி வைத்து இழுக்கிறார்கள். மடி கரையில் ஏறும் நேரம் இரு அணியும் தோளோடு தோள் முட்டும். நான் போன அன்று கீரியும் கொஞ்சம் நெத்தலியும் பாரைக்குட்டியும் பட்டிருந்தன. வியாபாரிகள் மடியைச் சூழ்ந்து நின்றார்கள். என் கண் கயிற்றில் இருந்தது. நீலம், பச்சை, செம்மஞ்சள் என்று எல்லாமே பிளாஸ்டிக். தும்புக் கயிறு கண்ணில் படவில்லை.

சற்றுத் தள்ளி, வாடி நிழலில் ஒரு வயதான காக்கா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் விளிம்பை மாட்டி விறைப்பாகப் பிடித்திருந்தார். முதலில் கத்தியால் கிழிசலைப் பெரிதாக்கினார். கந்தலான கண்களை வெட்டியெறிந்து, சுத்தமான முடிச்சு வரும் இடம்வரை போனால்தான் பொத்தல் நிற்குமாம். பிறகு நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி ஒவ்வொரு கண்ணாக ஏறி இறங்கியது. கண்ணின் அளவை அவருடைய சுட்டுவிரலே பார்த்துக்கொண்டது.

“அப்பெல்லாம் இது என்ன நூல் காக்கா?”

“சணல் நூலும் இருந்திச்சு, பருத்தியும் இருந்திச்சு மகன். கயிறு தும்பு. வாப்பா கடலால வந்தா நேரா வீட்ட போகேலா. வலையக் கழுவி, மணல்ல விரிச்சுக் காயப் போடணும். ஈரத்தோட சுருட்டி வெச்சா உக்கிப் பெய்த்துரும்.”

உக்காமல் இருக்கப் பனிச்சங்காய். பச்சைக் காயை இடித்துத் தண்ணீரில் ஊறவிட்டு, கறுத்த அந்தச் சாற்றில் வலையை முக்கி எடுப்பார்கள். காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து நாரை இறுக்கி, பூஞ்சணம் அண்டாமல் காக்கும். கொஞ்ச நாளில் கடல் அதைக் கழுவிவிடும்; மறுபடியும் இடிக்க வேண்டும். இடித்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்று காக்கா சொன்னார். மீன்பிடி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கைகளை மறந்துவிடுகிறார்கள்.

வலை நூலுக்கு நம் பக்கத்தில் பேர்போன நார் சணப்பை, மஞ்சள் பூப் பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி. கஞ்சாச் செடியின் இனமான ஐரோப்பியச் சணலுக்கும் இதற்கும் உறவில்லை. பயன் மட்டும் ஒன்றுபோல. பிரித்தானியக் கடற்படையின் பாய்மரக் கப்பல்கள் ரஷ்யாவிலிருந்து வந்த அந்தச் சணல் கயிற்றையே பெரிதும் நம்பியிருந்தன. அந்த வழி அடைபட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கிழக்கிந்தியக் கம்பனி சணப்பையைத் தேடிப் போனது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் வில்லியம் ரொக்ஸ்பரோ பல நார்களில் நூல் திரித்து, தண்ணீரில் ஊறவிட்டு, எது எவ்வளவு பாரம் தாங்குகிறதென்று சோதித்தார். பனிச்சங்காய் இடித்தவர்களுக்கும் அதே கவலைதான்.

இன்று கஞ்சா இனச் சணலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சஞ்சீவி மூலிகை ஆக்கிவிட்டார்கள். சீனாவின் பழைய காகிதத்தில் அதன் நார் இருந்தது உண்மை. தண்டுச் சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துப் பிரான்ஸில் சுவர் எழுப்புகிறார்கள், ஜெர்மன் கார்க் கதவுகளின் உட்பலகைக்குள் நாரை அழுத்துகிறார்கள், விதையில் எண்ணெய் எடுக்கிறார்கள். 1937-இல் வரி போட்டு அதை ஒடுக்கிய அமெரிக்காவே, யப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்துக் கயிற்று நார் நின்றுபோனதும், 1942-இல் சணல் விதையுங்கள் என்று விவசாயிகளுக்குப் படம் எடுத்துக் காட்டியது. இலங்கையில் 1929-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபினி, அபாயகர ஔடதங்கள் சட்டம் இன்னும் குறுக்கே நிற்கிறது. 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பேச்சில் நார் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை.

“பழைய சணல் நூல் திரும்பி வந்தாப் பாவிப்பீங்களா?” என்று கேட்டேன்.

காக்கா ஊசியை நிறுத்தினார். “பைத்தியமா மகன்? நைலோன் வந்ததாலதான் நாங்க நித்திரை கொள்ளுறோம்.”

அவர் சொல்வதுதான் சரி. பாரமில்லாத, தண்ணீர் குடிக்காத, காயப் போடத் தேவையில்லாத வலையைக் கையில் வைத்திருப்பவனிடம் போய் இயற்கைக்குத் திரும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கடலில் அறுந்துபோகும் நைலோன் துண்டும் உக்காது. யாருக்கும் உதவாமல் மீனைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நண்டுக் கூடுகளின் ஒரு பக்கத்தைப் பருத்திக் கயிற்றால் கட்ட வேண்டும் என்பது விதி. கூடு தொலைந்தால் கயிறு உக்கி, கதவு திறந்து, நண்டு வெளியே போய்விடும். நாரின் குற்றமாக இருந்ததே அங்கே அதன் வேலை. நம் களப்புகளில் கூடு வைப்பவர்களுக்கும் இது செலவில்லாத யோசனை.

நார்ச்செடி உதவக்கூடிய இன்னொரு இடம் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வயல். நம் அம்பாறை நெல் மாவட்டம். 2021-இல் அரசு இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது நம் விவசாயிகள் பட்ட கரைச்சல் ஊரறிந்தது. சணப்பையை விதைத்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் பூக்கும் பருவத்தில் உழுது மடித்தால் வேர் முடிச்சுகள் சேர்த்த தழைச்சத்து மண்ணுக்குள் போகிறது. உரத்தை முழுவதும் விட்டுவிட இது போதாது; உரச் செலவைக் குறைக்க உதவும். நார் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நாள் விட்டு, தண்டை அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்கலாம். சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடையில் தரிசாகக் கிடக்கும் வயலில், ஈரம் இருந்தால், ஒரு வரவை மட்டும் விதைத்துப் பாருங்கள். சணப்பைக்கு எந்தச் சட்டமும் தடையில்லை.