மிரண்ட குதிரை

குதிரை ஏறிப் பழகாதவன் குதிரை வருகிற நாவல் எழுதலாமா? 1792 முதல் 1799 வரை பாராமகாலில் நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோவை ஒரு பாத்திரமாக்க எண்ணியபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. சென்னைத் தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தர்மபுரியில் குடியிருந்தவர்.

பென்னாகரத்துப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் சவாரி. கொஞ்ச தூரம் நானே மன்றோ! அப்புறம் முள்வேலியில் மாட்டிக்கொண்டிருந்த உரச்சாக்கு ஒன்று காற்றில் படபடத்தது. குதிரை நின்றது, காதை விறைத்தது, பக்கவாட்டில் ஒதுங்கியது. நான் கடிவாளத்தைச் சுண்டி இழுத்து, கையிலிருந்த குச்சியால் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அடுத்த கணம் ராகிக் கொல்லையில் கிடந்தேன்.

ஓடிவந்த பெரியவர் என்னைத் தாண்டிப் போய்க் குதிரையைத்தான் முதலில் தடவிக்கொடுத்தார்.

"சாக்குக்குப் பயந்தது ஒரு பயம். இந்த இடத்துக்கு வந்தா அடி விழும்னு இன்னொரு பயத்தையும் கத்துக்குடுத்திட்டீங்களே, தம்பி!"

குதிரை இரையாகிப் பழகிய ஜாதி. புதர் அசைந்ததும் ஓடிய குதிரை பிழைத்தது. நின்று விசாரித்த குதிரை வம்சம் வைக்கவில்லை. பக்கத்துக்கொன்றாய் அமைந்த கண்களால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்குப் பின்னேயும் அதற்குக் குருடு.

பெரியவர் கடிவாளத்தைத் தளர்த்தி, தூரத்திலேயே நிறுத்தி, சாக்கைப் பார்க்கவிட்டார். அது தலையைத் தாழ்த்தியதும் இரண்டடி முன்னே. பிறகு திருப்பி, மற்றக் கண்ணாலும் பார்க்கவிட்டார். அரைமணியில் குதிரை சாக்கை மோந்து பார்த்து, அலுத்துப்போய்ப் புல்லில் வாய் வைத்தது.

"மேளத்துக்கும் வேட்டுக்கும் அசையாத குதிரையாச்சே, பாய்?" என்றேன்.

"அங்கே நான் பக்கத்திலேயே நிக்கறேன், தம்பி. நீங்க மேலே மூச்சை அடக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களுக்கே பயம்னா அது யாரை நம்பும்?"

என் மகள் இருட்டில் கொல்லைப்புறம் போகமாட்டாள். "பயந்தாங்கொள்ளி" என்று நான் அதட்டாத நாள் இல்லை. அன்றிரவு ஒன்றும் பேசாமல் அவளோடு போய்க் கிணற்றடியில் நின்றேன். கிணற்றைப் பார்த்தாள், வாழை மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு ஏன் திட்டலே, அப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நாவலும் இன்னும் எழுதியாகவில்லை.