தலை காயட்டும்

"இன்னொருத்தர் எப்ப வர்றாங்க மேடம்?"

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற பையன் மரியாதையாகத்தான் கேட்டான். என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். "நான் மட்டும்தான்" என்றேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தான். பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் எழுதிவிட்டேன். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவனே உதவிக்கு வந்தான். "திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் ஏதும் இருக்கா மேடம்? சொந்தக்காரங்க வந்திருக்காங்களா?"

"சும்மா" என்று எழுதினேன். அதை அவன் இரண்டு முறை படித்தான்.

தரங்கம்பாடிக்கு வடக்கே, கடலைப் பார்த்த விடுதி அது. வெள்ளைச் சுவர்கள், தேக்குக் கதவுகள், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் வங்கக் கடல். விடைத்தாள் திருத்திய பணத்தில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தேன். ஐப்பசி மாதம், மழைக்காலம். கூட்டம் வராத பருவமென்பதால் வாடகை குறைவு. 'இலையுதிர்கால ஓய்வு' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நம் ஊரில் வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் நமக்கு இருப்பது கூதிர். இருபது ஆண்டுகளாக வகுப்பில் நான் நடத்திவரும் பருவம். ஒரு முறைகூட அதில் சும்மா உட்கார்ந்ததில்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டில் எத்தனை விளக்கங்கள்! கருத்தரங்கம் என்று சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். மாணவியின் கல்யாணம் என்றால் மொய்ப்பணம்கூட எடுத்துக் கொடுத்திருப்பார்கள். "ரெண்டு நாள் கடற்கரையில இருந்துட்டு வர்றேன்" என்றதும் கணவர் முகத்தில் கவலை வந்தது. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார். அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு சொல்தான் கேட்டாள்: "எதுக்குடி?"

அந்த 'எதுக்கு' பழைய கேள்வி. நம் வீட்டுப் பெண்கள் காரணமில்லாமல் வாசல் தாண்டியதில்லை. கல்யாணம், சாவு, பிரசவம், கோயில். அவள் கால்கள் வெளியே போகலாம், ஆனால் முன்னால் ஒரு காரணம் நடந்து போக வேண்டும். தொல்காப்பிய அகத்திணையியலில் கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று பொதுவாகப் பொருள்கொள்ளப்படும் ஒரு சூத்திரம் உண்டு. நெய்தல் நிலத்தில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வேலை இரங்கல். கரையில் நின்று, போனவனை நினைத்து வருந்தலாம். கடல் அவளுக்கு வருந்துவதற்கான இடம் மட்டும்தான்.

எனக்கு நினைவு தெரிந்து என் அம்மாவுக்கு ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் தண்ணீர்க்கரை வாய்த்தது. எங்களுக்குக் குத்தாலம் பக்கத்தில் சின்ன ஊர். ஐப்பசிக் கடைசி நாளில், கடைமுழுக்கு அன்று, தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மாயவரம் துலாக்கட்டத்துக்குப் போவார்கள். ஊர் ஊராக மனிதர்கள் கரைத்துவிட்டுப் போன பாவங்களையெல்லாம் சுமந்து அலுத்த கங்கை, ஐப்பசியில் காவிரிக்கு வந்து தன்னைக் கழுவிக்கொள்வதாக நம்பிக்கை. சிறுவயதில் அதைப் புண்ணியக் கதையாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. மற்றவர்களின் அழுக்கைச் சுமப்பதையே வேலையாகக் கொண்ட ஒருத்திக்கு ஆண்டில் ஒரு மாதம் விடுப்பு. அதற்கும் புண்ணியம் என்ற காரணம் தேவைப்பட்டிருக்கிறது.

முழுகி எழுந்ததும் அம்மா படித்துறையின் மேல்படியில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஐப்பசி வெயில் சோம்பலாக அடிக்கும். அவள் கையில் எதுவும் இருக்காது. முறம் இல்லை, தொடுக்கப் பூ இல்லை, ஆய்வதற்குக் கீரை இல்லை. ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கோ கடைத்தெரு, வளையல், பஞ்சுமிட்டாய். முந்தானையைப் பிடித்து இழுப்பேன். "இருடி, தலை காயட்டும்" என்பாள்.

அம்மாவுக்கு அடர்த்தியான கூந்தல். காய நேரமாகும். அவள் தலைமுடி முழுக்கக் காய்ந்த பிறகும் எழுந்திருக்காதது நாற்பது வயது தாண்டிய பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

விடுதியில் முதல் நாள் எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒரு அழைப்பு. துறைத் தலைவரிடமிருந்து அகமதிப்பெண் பட்டியல் கேட்டு ஒரு அழைப்பு. இரண்டுக்கும் நடுவே குளியலறைத் தொட்டியைக் கழுவிவிட்டேன். அறையிலிருந்த கெட்டிலில் படிந்திருந்த உப்புக்கறையைத் தேய்த்தேன். இத்தனை ஆண்டுகள் பெண்ணியம் பேசிய வாய் ஒரு பக்கம். கை மட்டும் தன் பாட்டுக்கு எதையாவது துடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவராக இருக்கலாம். அதற்குள் நான் படுக்கை விரிப்பை மடித்து, தலையணைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏங்க்கா இதெல்லாம் செய்றீங்க? நீங்க மடிச்சு வச்சா நான் மறுபடி பிரிச்சுல்ல மடிக்கணும்."

குற்ற உணர்ச்சியில் செய்த வேலை அவருக்குக் கூடுதல் வேலையாகிவிட்டது. மடித்ததைப் பிரித்தார். நான் ஒதுங்கி நின்றேன். கடற்கரைக் குப்பம்தான் சொந்த ஊராம். சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார்.

"தினமும் கடலைப் பாத்துக்கிட்டே வேலை செய்றீங்க" என்றேன். அபத்தமான பேச்சு. சொன்னதுமே தெரிந்தது.

"எங்கக்கா பாக்குறது? கட்டில விரிக்கும்போது கடல் முதுகுப் பக்கம். கண்ணாடி தொடைக்கும்போது கண்ணாடியத்தான் பாக்கணும், கோடு விழுந்துடுச்சான்னு."

தரையைத் துடைத்து முடித்ததும் வாளியை ஓரமாக வைத்தார். "தரை காயட்டும்க்கா. அஞ்சு நிமிஷம் உள்ள நடக்காதீங்க, தடம் விழும்." இருவரும் வெளி வராந்தாவில் நின்றோம். நாற்காலியை இழுத்துப்போட்டேன். அவர் கதவைப் பார்த்தார். "சூப்பர்வைசர் வந்தா ஏசுவாரு" என்றார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கடல் எதிரில்தான் இருந்தது. அவர் பார்வை கதவைவிட்டு நகரவில்லை. வாரத்தில் ஒருநாள் விடுப்பு இல்லையா என்று கேட்டேன். "எடுத்தா அன்னைக்குச் சம்பளம் போச்சு. வீட்ல இருந்தா மட்டும் என்ன, அங்கயும் இதே தொடப்பம்தான்." ஐந்து நிமிடம் ஆவதற்குள் எழுந்துவிட்டார்.

2021இல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும். கேரளம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே செய்தது. மிட்டாய்த் தெருவில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. உட்காருவது உரிமை என்று எழுத ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்த நாற்காலியின் நுனியில் அவர் இருந்த விதத்தைப் பார்த்தபோது, சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது, சாய்ந்து உட்காரும் துணிவை யார் தருவது என்று தோன்றியது.

அன்று மாலை மழை பிடித்தது. நனைந்துகொண்டே கரையில் நடந்தேன். அறைக்குத் திரும்பி நெடுநல்வாடையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நக்கீரர் பாடிய 188 அடிகள். இதே கூதிர்காலம். பாசறையில் அரசன் உறங்காமல் இருக்கிறான். அரண்மனையில் அரசி, தந்தக் கால்கள் வைத்த கட்டிலில், திங்களும் உரோகிணியும் தீட்டிய விதானத்தின் கீழே கண்ணீரோடு கிடக்கிறாள். தமிழில் இதைவிட வசதியான அறையை ஒரு பெண்ணுக்கு யாரும் கட்டிக் கொடுத்ததில்லை. அதில் அவளுக்கு அழுவதைத் தவிர வேலையில்லை.

போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "மேம், அவங்க தனியா இருந்ததுல ஒருநாளாவது நிம்மதியா இருந்திருக்க மாட்டாங்களா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அரசியின் பாதங்களை வருடிக்கொண்டே தோழியர் இருக்கிறார்கள். நரைத்த தலையோடு செவிலியர் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இரவில் அவர்கள் எப்போது தூங்கினார்கள் என்று நானும் கேட்டதில்லை. என் அறையின் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. நான் விலைகொடுத்து வாங்கிய இரண்டு நாள் ஓய்வுக்கு அடியில் இன்னொருத்தியின் ஓய்வில்லாத நாள் மடித்து விரிக்கப்பட்டிருந்தது. அதற்காக நான் ஓய்வெடுக்கக் கூடாது என்று சொன்னால் பழையபடி எல்லாப் பெண்களும் துடைப்பத்தோடு நிற்க வேண்டியதுதான். அவருக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். அந்த விடுப்பு நாளில் அவர் வீட்டுத் துடைப்பத்தை வேறு யாராவது எடுக்க வேண்டும். அறையைக் காலி செய்யும்போது நான் வைத்துவிட்டு வந்த பணம் இதற்கு ஈடில்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் காலை தலைக்குக் குளித்தேன். குளியலறையில் முடி உலர்த்தும் கருவி மாட்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அதை எடுக்கவில்லை. வராந்தாவில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. கலங்கிய கடலில் இரண்டு படகுகள். கைப்பேசி உள்ளே இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. தலை காய்ந்த பிறகும் அங்கேயே இருந்தேன்.

ஊருக்கு வரும் வழியில் அம்மாவிடம் பேசினேன். "என்னடி பண்ணுன ரெண்டு நாளா?" என்றாள். "ஒண்ணும் பண்ணலம்மா. தலை காயவச்சேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தண்ணி நெறையாப் போகுதாம் காவேரியில" என்றாள்.

அடுத்த வாரம் வகுப்பில் நெடுநல்வாடை. பாடத்தைத் தொடங்கும் முன் மாணவிகளிடம், உங்கள் அம்மா கையில் எந்த வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். பத்து நிமிடம் கொடுத்தேன். போன ஆண்டு வகுப்பைப் போல யாரும் சிரிக்கவில்லை. தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு பெண் இன்னும் வெற்றுத் தாளோடு இருந்தாள்.

"மேம், இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். "யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."